ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்பறேன்: கையில 12,000, ஒரு வருசத்துக்கான துணி. எதைப் பார்த்து எடுக்கறது?

பொடக்காணி_மல்லி (வெள்ளி, இரவு 9.50)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயமுத்தூர், கவுண்டம்பாளையம் பக்கம் இருக்கறேன். பாப்பா பொறந்து ரெண்டு வருசம் வீட்டோட இருந்துட்டு, இந்த ஜூன்ல இருந்து ஒரு பள்ளிக்கூடத்துல ஆறாவதுக்கு அறிவியல் எடுக்கறேன். திங்கள், புதன், வெள்ளி சேலைதான் கட்டணும். செவ்வாயும் வியாழனும் சுடிதார். பீரோவைத் திறந்தா பழைய ஜாக்கெட்டு ஒண்ணும் கை நுழையறதில்லை. கட்டற நிலைமையில இருக்கற சேலை மொத்தம் ரெண்டு. அதையே மாத்தி மாத்திக் கட்டிட்டு ஒரு மாசத்தை ஓட்டிட்டேன்.

ஆவணியில தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ செய்யற இணைச்சீர்ச் சடங்கு என்னோடது. இவருக்கு ரெண்டு முழுக்கைச் சட்டை வேணும், மாமாவுக்கு ஒரு எட்டு முழம். எல்லாத்துக்கும் சேர்த்து 12,000 ஒதுக்கி வெச்சிருக்கறேன்.

போன ஆடியில ஒரு பெரிய கடையில அஞ்சு உருப்படி எடுத்தனுங்க. "50 சதவீதம் வரை"ன்னு போர்டு. அதுல இன்னிக்கு உடுத்தறது ஒண்ணே ஒண்ணு. மெரூன் கலர்ல ஒரு சில்க் காட்டன் எடுத்தேன், முதல் அலசலுக்கே சாயம் கொட்டி, பாப்பாவோட வெள்ளைக் கவுனெல்லாம் ரோஸ் ஆயிருச்சு. கொண்டு போய்க் கேட்டா, "ஆடிச் சரக்கு மாத்தறதில்லைங்க"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டாங்க. எனக்குக் காசு போன வருத்தத்தை விட, துணி பார்க்கத் தெரியாம எடுத்துட்டமேங்கற வருத்தம்தான் பெருசு. பஞ்சும் நூலும் பனியனுமா இருக்கற ஊர்ல பொறந்துட்டு இது கூடத் தெரியலியேன்னு.

தெரிஞ்சவங்க சொல்லிக் கொடுங்க. இங்கயே ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோட்டுல பார்க்கலாமா, திருப்பூர், ஈரோடு போறது லாபமா?

பார்க்_ரோடு (வெள்ளி, இரவு 10.35)

அம்மணி, நான் ஈரோட்டில் ஜவுளிக்கடைகளில் 22 வருசம் கவுண்டரில் நின்றவன். இப்போது ஓய்வு. கடைக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் கல்யாணத்துக்கு ஓடிய கடை, ஆடி பிறந்ததும் காற்று வாங்கும். தீபாவளிச் சரக்கு இறக்க இடமும் வேண்டும், பணமும் வேண்டும். தள்ளுபடி பிறந்தது அப்படித்தான். ஆனால் ஆடி மேசையில் ரெண்டு விதச் சரக்கு கலந்து கிடக்கும். ஒன்று, நிஜமாகவே மிஞ்சியது. இன்னொன்று, ஆடிக்கென்றே நெய்யச் சொல்லி வாங்கியது. இரண்டாவதில் இழை நெருக்கம் குறைவாக இருக்கும், சேலையின் நீளத்தையும் குறைத்திருப்பார்கள்.

எப்படிப் பிரிப்பது? ஒரே டிசைன், முப்பது நாற்பது கலரில், எல்லா அளவிலும் மலையாகக் குவிந்திருந்தால் அது ஆடிக்கு வந்த சரக்கு. மிச்சச் சரக்கு அப்படி இருக்காது. 38 இருக்கும், 40 இருக்காது. பச்சை ஒன்று, ஊதா ஒன்று, ஜோடி இல்லாமல் நிற்கும். அளவு உடைந்து நிற்கிற சரக்கில்தான் உண்மையான தள்ளுபடி. குவியலைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும், போக விடாதீர்கள். ஓரத்து ஹேங்கரில் தனியாகத் தொங்குவதைப் பாருங்கள்.

விலைச்சீட்டைத் தடவிப் பாருங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் நகத்தால் தட்டுப்படும்; விலையை ஏற்றிவிட்டுத் தள்ளுபடி காட்டுவதாக இருக்கலாம். "50 + 20" என்றால் 70 இல்லை. ஆயிரம் ரூபாய்ச் சரக்கு முதலில் 500, அந்த 500-இல் 20 சதவீதம் போய் 400. ஆக 60. "ரெண்டு எடுத்தால் ஒன்று இலவசம்" என்பது மூன்றில் ஒரு பங்கு, 33 சதவீதம்தான். அதுவும் மூன்றாவது உங்களுக்குத் தேவையாக இருந்தால் மட்டும்.

எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் அதில் அடக்கம். பில் போடும்போது எம்ஆர்பி-க்கு மேல் தனியாக ஜிஎஸ்டி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேட் ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் 18. அதனால் 2,600 சொல்கிற சுடிதாருக்கும் 2,450 சொல்கிறதற்கும் உள்ள வித்தியாசம் துணியில் இல்லாமல் வரியில் இருக்கலாம்.

போன வருசம் உங்களுக்கு நடந்தது தப்பு. சாயம் போகிற சேலை குறையுள்ள சரக்கு. குறையுள்ள சரக்கைத் திரும்ப வாங்க மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. தள்ளுபடி என்பதால் அது மாறாது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். பில்லை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். இப்போதைய பில் வெயிலில் வெள்ளையாகிவிடும், வீடு வந்ததும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கிங்_அக்கா (சனி, காலை 6.15)

கண்ணு, நான் திருப்பூருங்க. பனியன் கம்பெனியில 14 வருசம் செக்கிங். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பீஸ் இந்தக் கையில போயிருக்குமோ, கணக்கில்லை. சேலையைப் பத்தி எனக்கு அவ்வளவாத் தெரியாது, நெசவுக்காரங்க வந்து சொல்லுவாங்க. பனியன் துணி, குர்த்தி, லெக்கின்ஸ், குழந்தைத்துணி இதை எப்படிப் பார்க்கறதுன்னு நான் சொல்றேன்.

மொதல்ல பீஸைத் திருப்பு. உள்பக்கம் வெளிய வரட்டும். வெளிப்பக்கத்தை அயர்ன் பண்ணி யாரும் அழகாக் காட்டிருவாங்க, உள்ளாற ஒண்ணும் மறைக்க முடியாது. சைடு தையலை ரெண்டு கையிலயும் புடிச்சு மெதுவா இழு. தையல் துணியோட சேர்ந்து வரணும். நூல் டப்புன்னு இறுகி நின்னா, நாலு தடவை போட்டுக் கழட்டறதுக்குள்ள அறும். இழுக்கறப்ப தையல் ஓரமாப் புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரிஞ்சா அது ஊசி ஓட்டை. துவைக்கத் துவைக்கப் பெருசாகும். இஞ்சுக்கு 10-ல இருந்து 12 தையல் இருக்கணும், ஏழு எட்டுன்னு ஓட்டி விட்டிருந்தா வேண்டாம்.

அடுத்தாப்ல, பீஸை மேசை மேல விரிச்சு, ரெண்டு சைடு தையலும் நேரா ஓரத்துல வருதான்னு பாரு. ஒரு பக்கத் தையல் வயித்துக்கு முன்னாடி ஏறி வந்தா துணி முறுக்குது. கடையில அரை இஞ்சு முறுக்கினா வீட்டுல மூணாவது துவையலுக்கு ரெண்டு இஞ்சு முறுக்கும். அதை அயர்ன் வெச்சு நேராக்க முடியாது, ஏன்னா முறுக்கு நூல்லயும் பின்னல்லயும் இருக்குது, தையல்ல இல்லை.

கழுத்து ரிப்பை, அதான் கழுத்தைச் சுத்தி இருக்கற பட்டியை, விரலால இழுத்து விடு. உடனே பழைய அளவுக்கு வரணும். வாயைத் தொறந்தாப்ல நின்னா, ஒரு மாசத்துல தோள்ல வந்து தொங்கும்.

ஜிஎஸ்எம்னு சொல்லுவாங்க. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கற கணக்கு. கம்பெனியில வட்டமா ஒரு பிட்டு வெட்டித் தராசுல வைப்போம். 100 சதுர சென்டிமீட்டர், அதை 100-ஆல பெருக்கினா வந்துரும். டீசர்ட்டுன்னா 160, 180 நல்லது. கடையில தராசு இருக்காது. உள்ளங்கையைத் துணிக்குள்ள விட்டுப் பாரு, ரேகை தெரிஞ்சா ஆகாது. ஆனா வெறும் கனத்தையும் நம்பாத. பசை ஏத்திக் கனமாக்கி வெச்சிருப்பாங்க, ஒரு அலசல்ல போயிரும். துணியை ரெண்டு கையில வெச்சுக் கசக்கு. மாவாட்டப் பொடி உதிர்ந்தா அது பசை.

எங்க ஊர் பனியன் சந்தை காதர்பேட்டைக்கு வரணும்னா ரயில்ல வா, ஸ்டேசன்ல இருந்து நடந்தே வந்துரலாம். குழந்தைத்துணிக்கு நான் இங்கதான் வரச் சொல்லுவேன். ஆனா "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்", அதாவது ஏற்றுமதிக்குத் தெச்சு மிஞ்சினதுன்னு போட்டதெல்லாம் அப்படியே நம்பாத. நிஜமான சர்ப்ளஸ்ல இடது பக்கத் தையலுக்குள்ள துவைக்கற முறை சொல்ற சீட்டு நாலஞ்சு பாஷையில இருக்கும், கழுத்துல பிராண்டு லேபிளைப் பாதி வெட்டியிருப்பாங்க. அந்தச் சீட்டையும் அடிச்சு ஒட்டறவங்க இருக்கறாங்க. அதனால சீட்டைப் பார்த்துட்டு, மறுபடியும் தையலைப் பாரு. வெளிநாட்டு அளவு பெருசு. உனக்கு இங்க எல் சரியா இருந்தா அதுல எம் போதும்.

அளவு நம்பரை நம்பறதை விட, வீட்டுல உனக்கு நல்லாப் பொருந்தற ஒரு குர்த்தியை விரிச்சு, அக்குளுக்கு அக்குள் டேப் புடிச்சு எழுதிட்டு வா. சார் சட்டைக்கும் அப்படியே. கூட்டத்துல போட்டுப் பார்க்க ரூம் கிடைக்காது, டேப் மணிபர்சுல அடங்கும்.

ஆனைமலைக்_காத்து (சனி, காலை 8.40)

பொள்ளாச்சியிலிருந்து. 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள்.

வாரத்தில் மூன்று நாள் சேலை என்றால் உங்களுக்கு ஆறு போதும். ரெண்டு இருக்கிறது, ஆக நான்கு. பத்து வாங்க வேண்டியதில்லை. கணக்கை இப்படிப் போடுங்கள்: 850 ரூபாய்ச் சேலையை வருசத்தில் 20 தடவை கட்டினால், ரெண்டு வருசத்தில் ஒரு தடவைக்கு 21 ரூபாய்தான் ஆகிறது. 400 ரூபாய்ச் சேலையை நாலு தடவை கட்டிவிட்டு மடித்து வைத்தால் ஒரு தடவைக்கு 100 ரூபாய். இதில் எது விலை அதிகம்?

நிறத்தைச் சாக்பீஸை மனதில் வைத்து எடுங்கள். கருநீலம், கருப்பு இரண்டிலும் வெள்ளைப் பொடி பளிச்சென்று தெரியும். வெளிர் நிறம் மழைக்காலச் சேற்றுக்கு ஆகாது. கடுகு மஞ்சள், பாக்கு நிறம், மயில்பச்சை, செங்கல் நிறம் இவை நாலு மணி வரைக்கும் முகம் மாறாமல் நிற்கும். கட்டம் போட்டது இன்னும் நல்லது.

பருத்திதான் எடுக்க வேண்டும் என்பேன். எங்கள் பக்கத்து நெகமம் சேலையை ஒரு முறை கட்டிப் பாருங்கள். புவிசார் குறியீடு வாங்கிய சேலை. புதிதில் கொஞ்சம் விறைப்பாக நிற்கும். பத்துத் தடவை துவைத்த பிறகு அது உங்கள் உடம்பைத் தெரிந்துகொள்ளும். நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கிறவளுக்கு முதுகு வேர்வையை உறிஞ்சுகிற துணி வேண்டும்.

முக்கியமான ஒன்று. 12,000-ஐயும் துணிக்கே போட்டுவிடாதீர்கள். ஜாக்கெட் தைக்க, ஃபால்ஸ் அடிக்கக் காசு எடுத்து வையுங்கள். தள்ளுபடியில் சேலை எடுத்துவிட்டு, ஜாக்கெட் தைக்கக் காசில்லாமல் பொங்கல் வரைக்கும் பீரோவில் தூங்கவிட்ட ஆசிரியைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

சோமனூர்_பஸ் (சனி, மதியம் 1.20)

டீச்சரம்மா சொல்றதை மதிக்கறனுங்க, ஆனா ஒத்துக்க முடியலை. நானும் வேலைக்குப் போறவதான். காலையில 4.30-க்கு எந்திரிச்சு, ரெண்டு பேருக்கு டிபன் கட்டி, 7.10 பஸ்ஸைப் புடிக்கணும். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடறது யாரு? அயர்ன் பண்றது யாரு? வெளிய கொடுத்தா ஒரு சேலைக்கு அயர்ன் காசு, மாசம் பன்னண்டு தடவைன்னா அதுவே தனிச் செலவு. கைக்குழந்தை இருக்கற வீடு வேற. ஆடிக்காத்துல ஈரம் வேற, கோயமுத்தூர்ல இப்ப எது வெளிய போட்டா காயுது?

நான் வேலைக்குக் கட்டறது பூராம் பாலியெஸ்டர் கிரேப்தான். ராத்திரி அலசிப் போட்டா விடியறதுக்குள்ள காஞ்சிரும், மடிப்பு எடுத்துட்டு கட்டிட்டுப் போயிரலாம். வேர்க்கும், உண்மை. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் கஷ்டம்தான், ஆனா பள்ளிக்கூடம் மே மாசம் லீவுதானே. பாலியெஸ்டர்னாலே மட்டம்னு சொல்லாதீங்க. வேலைக்குப் போற பொம்பளைக்கு ஒரு மணி நேரம் மிச்சம் பண்ணிக் கொடுக்கற துணி அது.

ஆனைமலைக்_காத்து (சனி, மதியம் 2.05)

சோமனூர் சகோதரி, நீங்கள் சொல்வது நியாயம். எனக்கு வீட்டில் மாமியார் இருந்தார், கஞ்சி போடுவதும் மடிப்பதும் அவர் கை வேலை. அதை நான் எழுதும்போது நினைக்கவில்லை. அப்படியானால் ரெண்டு கிரேப், ரெண்டு பருத்தி. திங்கட்கிழமைக்கு மட்டும் பருத்தி கட்டட்டும், ஞாயிற்றுக்கிழமை அயர்ன் பண்ண நேரம் இருக்கும்.

தறிவீட்டுப்_பையன் (சனி, இரவு 9.10)

அக்கா, நான் சிறுமுகை. அப்பா, அம்மா ரெண்டு பேரும் தறியில இருக்காங்க. சேலை பார்க்கறதைச் சொல்றேன்.

முதல்ல நீளம். ஜாக்கெட் பிட்டோட சேர்த்து 6.2, 6.3 மீட்டர் இருக்கணும். ஆடிச் சரக்குல ஆறு மீட்டர் கூட வராதது இருக்கும். கொசுவம் ரெண்டு மடிப்புக் குறையும், கட்டினப்புறம்தான் தெரியும். செக்கிங் அக்கா சொன்ன அதே டேப்பால கடையிலயே அளந்துருங்க, கூச்சமே வேண்டாம். மாமாவுக்கு எடுக்கற எட்டு முழ வேட்டியும் 3.6 மீட்டருக்குக் குறையக் கூடாது.

அடுத்தது நூல் என்னன்னு பார்க்கறது. ஓரத்துல தொங்கற இழை ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வெளிய வந்து கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாசம், சாம்பல் மெத்துன்னு இருக்கும். பட்டுன்னா முடி கருகற நாத்தம், சாம்பல் நசுக்கினாப் பொடியாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகி, கருப்பா ஒரு கெட்டி மணியாயிரும். இதுல ஒரு சிக்கல் இருக்கு. ரேயானும் பருத்தியாட்டவே எரியும். "காட்டன்"னு சொல்லி ரேயானைத் தள்ளறது நிறைய நடக்குது. அதுக்கு வேற வழி: இழையை எச்சில்ல நனைச்சு இழுங்க. ரேயான் நனைஞ்சா வலுப் போயிரும், சட்டுன்னு அறும். பருத்தி நனைஞ்சா இன்னும் கெட்டியாகும். குர்த்திக்கும் இதையே பண்ணலாம். ரேயான் மோசமில்லை, மெத்துன்னு இருக்கும். ஆனா சுருங்கும், ஈரத்துல முறுக்கிப் பிழிஞ்சாக் கிழியும். தெரிஞ்சு வாங்குங்க.

சாயம் பார்க்க வெள்ளைக் கைக்குட்டையை நனைச்சு, சேலையோட உள்மடிப்புல பத்துத் தடவை அழுத்தித் தேய்ங்க. மெரூன், கருஞ்சிவப்பு, கருநீலம், கரும்பச்சை நாலுக்கும் இதைக் கட்டாயம் பண்ணணும். கைக்குட்டையில கறை ஏறினா எடுக்காதீங்க. "ஒரு தடவைதான் போகும்"னு சொல்லுவாங்க. கைக்குட்டையிலயே அவ்வளவு ஏறினா, வாளித் தண்ணியில எவ்வளவு ஏறும்?

கல்யாணத்துக்குக் கோவை கோரா காட்டன் பாருங்கக்கா. பட்டு இழையும் பருத்தி இழையும் கலந்து நெய்யறது, நம்மூர்ப் பேருலயே புவிசார் குறியீடு இருக்கு. பட்டாட்ட மின்னும், கனம் இருக்காது. கடையில எடுக்கறதை விட கூட்டுறவு நெசவாளர் சங்கத்துல எடுத்தா நெய்தவங்களுக்கும் கூலி போகும். கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க. சேலையோட ரெண்டு ஓரத்தையும் வெளிச்சத்துல பிடிச்சா, குட்டிக் குட்டியா ஊசி குத்தின தடம் வரிசையாத் தெரியும். நெய்யறப்ப துணி அகலம் சுருங்காம இழுத்துப் பிடிக்கற குச்சியோட முள்ளுத் தடம் அது. அதைக் குறைன்னு சொல்லி விலை குறைக்கச் சொல்றவங்க இருக்கறாங்க. எங்கம்மா அதைக் கேட்டுட்டு அன்னிக்குப் பூரா சாப்பிடலை.

நொய்யல்_கரை (ஞாயிறு, காலை 7.30)

சாயத்தைப் பத்திப் பேச்சு வந்ததால எழுதறேன்.

எங்க தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. 1992-ல பாசனத்துக்குன்னு திறந்த அணை. மேல இருந்து வந்த சாயத் தண்ணி அதுல தேங்கி, கெணறு கெட்டு, தென்னை காஞ்சு, நாங்க பட்ட பாடு பெருசு. விவசாயிங்க கோர்ட்டுக்குப் போயி, 2011-ல சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளிய விடாம சுத்திகரிச்சாத்தான் ஓட்டலாம்னு ஆச்சு. அந்தச் செலவும் இன்னிக்கு நம்ம துணி விலையில இருக்குது. இருக்கவும் வேணும்.

அதனால என்னோட கோரிக்கை ஒண்ணுதான். ரொம்ப மலிவா ஒரு கலர் துணி கிடைக்குதுன்னா, அதோட சாயத் தண்ணி எந்தப் பள்ளத்துல போச்சுன்னு ஒரு நிமிசம் நினைங்க. டீச்சரம்மா சொன்னாப்ல நாலு எடுத்து நாலையும் கட்டுங்க. எங்கப்பாரு காலத்துல தீபாவளிக்கு ஒரு கோடித்துணி, மாரியம்மன் நோம்பிக்கு ஒரு கோடித்துணி. அதுக்கு அவரு பார்த்துப் பார்த்து எடுப்பாரு, துணியை மோந்து கூடப் பார்ப்பாரு.

பொடக்காணி_மல்லி (ஞாயிறு, இரவு 10.15)

எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டனுங்க. நொய்யல் கரை அண்ணா, நீங்க எழுதினதை இவரும் படிச்சாரு. வீட்டுல இருக்கறதை மொதல்ல எடுத்துப் பார்க்கலாம்னு ரெண்டு பேருமா உக்காந்து பீரோவைக் காலி பண்ணினோம். அடியில ஏழு சுடிதார் டாப்பு. அதுல நாலுக்குச் சைடு தையலைப் பிரிச்சு விட்டாப் போதும், உள்ளாற துணி இருக்கு. ஆக, ஏழு வாங்கணும்னு நினைச்சுட்டு இருந்த சுடிதார் மூணாக் குறைஞ்சுருச்சு.

அத்தை ஒரு விசயம் சொல்றாங்க. கல்யாணத்துக்குக் கட்டற சேலையை ஆடியில எடுக்கக் கூடாதுன்னு. என்ன பண்றது?

பார்க்_ரோடு (ஞாயிறு, இரவு 10.50)

பெரியவர்கள் மனசை நோகடிக்க வேண்டாம். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு எடுங்கள். அன்றைக்கு எடுப்பது பெருகும் என்றுதான் நம் பக்கம் நகையே வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துத் துணியை மட்டும் முதல் வாரமே, வேலை நாளில், கடை திறந்ததும் போய் எடுங்கள். பதினெட்டுக்கு மேல் விலை இன்னும் இறங்கும், ஆனால் அளவு இருக்காது.

சட்டைக்கும் வேட்டிக்கும் ஈரோடு வர முடிந்தால், கனி மார்க்கெட் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை. மொத்த வியாபாரம்தான் பிரதானம், சில்லறையும் கொடுப்பார்கள். ரெண்டு சட்டைக்காகப் பஸ் செலவு செய்து வர வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்தால் வாருங்கள்.

பொடக்காணி_மல்லி (புதன், இரவு 9.30. ஆடிப் பதினெட்டு முடிந்து)

வாங்கியாச்சுங்க. ஒவ்வொண்ணா எழுதறேன், அடுத்து யாராவது படிச்சா உதவும்.

முதல் நாள் டவுன்ஹால் பக்கம் போனேன், காலையில பத்தேகாலுக்கு. குவியல் மேல கையே வெக்கலை. ஓரத்துல செங்கல் நிறத்துல கட்டம் போட்ட ஒரு பருத்திச் சேலை, ஒத்தையா இருந்துச்சு. சீட்டுல 1,700, பாதி விலை. தடவிப் பார்த்தேன், ஒரே ஸ்டிக்கர்தான். "வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போய்ப் பார்க்கட்டுமாங்க"ன்னு கேட்டதுக்கு, கவுண்டர்ல இருந்த பொண்ணு கூடவே வந்துச்சு. உள்ளாற டியூப் லைட்டுல செங்கலாத் தெரிஞ்சது, வெயில்ல கொஞ்சம் ரோஸ் ஓடுச்சு. பரவாயில்லை, பிடிச்சிருந்துச்சு. டேப் எடுத்தேன். 6.25. நனைச்ச கைக்குட்டையைத் தேய்ச்சேன், வெள்ளையாவே வந்துச்சு. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க பனியன் கம்பெனிங்களா?"ன்னு கேட்டுச்சு. செக்கிங் அக்கா, உங்களை நினைச்சுட்டேன். அதே மாதிரி கடுகு மஞ்சள்ல இன்னொண்ணு கிடைச்சுது, அதே விலை.

கரும்பச்சையில ஒரு சேலை, பார்த்ததும் ஆசையாப் போச்சு. பாதி விலை. கைக்குட்டையில ஒரு விரக்கடை அகலத்துக்குப் பச்சை ஏறிருச்சு. "முதல் தண்ணியில போயிரும்ங்க"ன்னு சொன்னாங்க. கைக்குட்டையை மடிச்சுப் பையில போட்டுட்டு வந்துட்டேன். போன வருசம்னா எடுத்திருப்பேன்.

கணக்கு: பருத்திச் சேலை ரெண்டு 1,700. கிரேப் ரெண்டு 980. குர்த்தி மூணு 1,350, லெக்கின்ஸ் ரெண்டு 440. குர்த்தியில ஒண்ணு "காட்டன்"னு சொன்னாங்க, நூல் நனைச்சதும் அறுந்துருச்சு. ரேயான்தான்னு தெரிஞ்சே எடுத்தேன், விலையை 60 ரூபாய் குறைச்சாங்க. இவருக்குச் சட்டை ரெண்டு 1,280, மாமாவுக்கு வேட்டி 420. காதர்பேட்டையில பாப்பாவுக்கு நாலு கவுன் 440. நான் திருப்பித் திருப்பிப் பார்த்து மூணைத் தள்ளி வெச்சேன், எல்லாம் சைடு முறுக்கு.

ஆடிப் பதினெட்டு அன்னிக்கு அத்தையையே கூட்டிட்டுச் சங்கத்துக்குப் போனேன். கோரா காட்டன், மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர், 3,150. ஓரத்துல அந்த ஊசித் தடத்தை அத்தைக்குக் காட்டினேன். அத்தை விரலால அதைத் தடவிட்டே இருந்தாங்க. அவங்க அம்மாயி வீட்டுல தறி இருந்துச்சாம், எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். ஆனா இதை வரவேற்புக்குத்தான் கட்டப் போறேன். இணைச்சீருக்கு எங்கம்மாவோட கல்யாணப் பட்டைக் கொடுக்கறேன்னு சொல்லிட்டாங்க.

மொத்தம் 9,760. மீதி 2,240 ஜாக்கெட்டுக்கும் ஃபால்ஸுக்கும். டெய்லர் ஆவணி முதல் வாரம்தான் தர முடியும்ங்கறாங்க, கோரா ஜாக்கெட்டை மட்டும் முன்னாடி கேட்டிருக்கறேன்.

கடைசியா ஒரு கேள்வி. கோராவை முதல்ல கல்லுப்பு போட்டு ஊற வெக்கணும்னு அத்தை சொல்றாங்க. செய்யலாமா?

தறிவீட்டுப்_பையன் (புதன், இரவு 10.05)

வேண்டாம்கா. ஏற்கெனவே சாயம் ஏத்தி முடிச்ச நூலுக்கு வீட்டு உப்பு ஒண்ணும் பண்ணாது. கோராவை ஊறவே வெக்காதீங்க. முதல் ரெண்டு தடவை டிரை வாஷ் கொடுங்க. அப்புறம் பச்சைத் தண்ணியில, ஷாம்பு நாலு சொட்டு விட்டு, தனியா அலசி, பிழியாம நிழல்ல போடுங்க. மடிக்கறப்ப ஒரே மடிப்புல வருசம் பூரா வெக்காம, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்துங்க. ஜரிகை ஒரே இடத்துல ஒடியாம இருக்கும். அம்மாவோட பட்டுக்கு இது இன்னும் முக்கியம், கட்டறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பிரிச்சு நிழல்ல உலர விடுங்க. மடிப்புல நைஞ்சிருந்தா இப்பவே தெரிஞ்சுக்கலாம்.

செக்கிங்_அக்கா (வியாழன், காலை 6.00)

கண்ணு, அந்த மூணு பீஸைத் தள்ளி வெச்சே பாரு, படிச்சுட்டு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ரேயான் குர்த்தியில கை அளவு புடிக்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை தண்ணியில நனைச்சுக் காயப் போட்டுரு. சுருங்கறது சுருங்கட்டும், அப்புறம் அளவு புடி.

பொடக்காணி_மல்லி (வியாழன், காலை 6.20)

இப்பவே நனைச்சுப் போட்டுட்டனுங்க அக்கா. வீட்டுக்குப் பின்னாடி பொடக்காணியில தொங்குது. காத்துக்கு ரெண்டு கிளிப்பு பத்தலை, நாலு போட்டிருக்கறேன்.